எஞ்சின் திணறும் நேரம்

“என் சம்சாரத்துக்குப் பேச்சு வரணும்,” என்றார் உலகநாதன். “அதுக்கு என்ன செய்யணுமோ சொல்லுங்க, செய்யறேன்.”

எஞ்சின் கொட்டகையின் வாசலில் நின்றுகொண்டே கேட்டார். உள்ளே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த வடிவாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

பாறைப்பட்டி மடத்துக்கு அவள்தான் தலைவி. வயது முப்பத்தாறு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டுக் காவி கட்டியவள். காவியில் பாதி கிரீஸ் கறை. உபதேசம் வேண்டுகிறவர்கள் எஞ்சின் கொட்டகைக்குத்தான் வரவேண்டும். வேறெங்கும் அவளைப் பிடிக்க முடியாது.

உலகநாதனுக்கு அறுபத்து மூன்று. மகள் வயதுப் பெண்ணிடம் கைகட்டி நிற்கிறோமே என்ற கூச்சம் முதல் ஐந்து நிமிடம் இருந்தது. அப்புறம் போய்விட்டது. தேவை அப்படி.

பக்கத்தில் நாற்காலியில் அவர் மனைவி சௌந்தரவல்லி உட்கார்ந்திருந்தாள். டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் ஆபரேட்டர். பேச்சிலேயே பிழைத்தவள். பத்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. கை முக்கால்வாசி தேறிவிட்டது. நாக்குதான் மல்லுக்கு நின்றது.

“பேச்சுப் பயிற்சிக்குப் போறீங்களா?”

“வாரம் மூணு நாள் தவறாம போறோம். ஆரம்பத்துல பாதி வார்த்தை, கால் வார்த்தைன்னு வந்துட்டுதான் இருந்துச்சு. ரெண்டு மாசமா அதுவும் நின்னுபோச்சு. வாயையே திறக்க மாட்டேங்கறா. ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க.”

“வீட்ல எப்படி?”

“அதுல ஒரு குறையும் வைக்கலம்மா.” உலகநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். “அவ உதடு அசைஞ்சாலே எனக்குத் தெரிஞ்சுடும். தண்ணியா, மாத்திரையா, ஃபேனைக் குறைக்கணுமான்னு, அவ சிரமப்படறதுக்குள்ள நானே சொல்லிடுவேன். அவ தலையை ஆட்டினாப் போதும்.”

வடிவாம்பாள் சௌந்தரவல்லியின் பக்கம் திரும்பினாள்.

“உங்க பேரு என்னம்மா?”

“சௌந்தரவல்லி,” என்றார் உலகநாதன்.

“இவ்வளவு தூரம் வந்தது அலுப்பா இருக்கா?”

“அலுப்பெல்லாம் ஒண்ணுமில்ல. ஜன்னல் சீட்டு போட்டுக் கூட்டிட்டு வந்தேன்,” என்றார் உலகநாதன்.

வடிவாம்பாள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. கேலியே இல்லை என்றும் சொல்ல முடியாது.

“அய்யா என்ன உத்தியோகம் பார்த்தீங்க?”

“பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். முப்பத்தி நாலு வருஷம். என் விசில் சத்தம் கேட்டா டிரைவர் பாதி டீயை வச்சுட்டு ஓடி வருவான். ஒரு வண்டி ஒரு நிமிஷம் தாமதமாக் கிளம்பினது கிடையாது.”

“ரொம்ப நல்லது. பத்து நாள் தங்குங்க. காலைல பம்பு வால்வைத் திறக்கிற வேலை உங்களுக்கு.”

“அப்ப இவ பேச்சு?”

அதற்குள் அவள் ஸ்பேனரோடு எஞ்சினுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

*

மடத்தில் நாற்பது மாடுகள். அவற்றின் சாணம் முழுக்க ஒரு வட்டக் குழிக்குள் போகும். குழியின் மேல் பெரிய இரும்பு டிரம் ஒன்று கவிழ்ந்து மிதக்கும். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும். அங்கிருந்து ஒரு குழாய் அடுப்படிக்கு. இன்னொரு குழாய் எஞ்சினுக்கு.

எஞ்சின்தான் கிணற்றுத் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றியது. மனிதர், மாடு, கத்தரிச்செடி எல்லாம் அந்தத் தொட்டியை நம்பித்தான்.

முதல் நாள் காலை வடிவாம்பாள் எஞ்சினைக் கிளப்பினாள். அழகாக ஓடியது. அவள் கண்ணைக் காட்ட, உலகநாதன் பம்பு வால்வைத் திறந்தார்.

தண்ணீரின் கனம் ஏறியதும் எஞ்சின் திக்கியது. சத்தம் இறங்கியது. ஒரு அடி. நீண்ட இடைவெளி. இன்னொரு அடி. நின்றுவிடும் போலிருந்தது.

“திணறுதும்மா!”

“திணறட்டும்.”

“நின்னுடப் போவுது!”

நாலு மூச்சு நேரம் இருக்கும். எஞ்சின் தானாகச் சுதாரித்துக்கொண்டது. சத்தம் கனத்து, நிதானப்பட்டு, மேட்டுத் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது.

உலகநாதனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

இரண்டாம் நாளும் அந்த நாலு மூச்சு. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேஸ் குழாயைத் திருகப் போனார். அது ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கொடுக்க அங்கே வழியே இல்லை. அவருக்கு ஆத்திரமாக வந்தது.

“இந்த நாலு மூச்சுக்கு என்னதான் பண்றது?”

“மூச்சு விடுங்க,” என்றாள் வடிவாம்பாள்.

*

ஐந்தாம் நாள் எஞ்சின் ஓய்ந்திருந்தபோது வடிவாம்பாள் அவரைக் கூப்பிட்டாள்.

“இது என்ன தெரியுமா?”

எஞ்சினின் கன்னத்தில் தேங்காய் அளவில் ஒரு பித்தளைச் சாமான் ஒட்டிக்கொண்டிருந்தது. கேஸையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கருவி. அவளே கடைந்து செய்தது. மடத்தில் அதற்குக் கலப்பான் என்று பெயர்.

நாலு திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளே லாரி டியூப்பில் வெட்டிய வட்டமான ரப்பர்ச் சவ்வு. அதற்குக் கீழே சின்ன ஊசி. பக்கத்தில் நடுவில் இடுப்புச் சிறுத்த ஒரு குழாய். அதன் வழியாகத்தான் எஞ்சின் காற்றை இழுக்கும். அந்த இடுப்பில் சுற்றிலும் நுணுக்கமான துளைகள்.

உலகநாதன் வாயைப் பிளந்து பார்த்தார். கிராமத்துக் கொட்டகையில் இவ்வளவு நாசூக்கான வேலையா! துளை ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தது. விரலால் தடவினால் ஒரு பிசிறு இல்லை.

“இதைச் செய்ய எத்தனை நாளாச்சு?”

“மூணு வருஷம். முதல்ல செஞ்சதெல்லாம் கேஸைத் தள்ளிவிடுற சாமான். எஞ்சினைக் கொன்னுடுச்சு.”

மூடியைத் திரும்பப் போட்டுக் கேஸைத் திறந்துவிட்டாள். “காத்துக் குழாய்க்குள்ள விரலை விட்டு அந்தத் துளையைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். ஒன்றும் வரவில்லை. “அடைச்சிருக்கும்மா.”

“அடைக்கல. வாசல்ல நிக்குது.”

“எதுக்கு நிக்குது?”

அவரை விரலை எடுக்கச் சொன்னாள். தன் கையால் எஞ்சினின் பெரிய சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். எஞ்சின் உஸ்ஸென்று மூச்சு இழுத்தது. மூடிக்குள் சவ்வு லேசாகத் துடிக்கும் சத்தம் கேட்டது. உலகநாதனின் மூக்கில் கேஸ் வாடை மெல்ல ஏறியது. சக்கரத்தை நிறுத்தினாள். வாடையும் நின்றது.

“கொஞ்சமா இழுத்தா?” என்று கேட்டார்.

கொஞ்சமாகச் சுற்றினாள். கொஞ்சமாக வந்தது. வேகமாகச் சுற்றினாள். நிறைய வந்தது.

“அடேயப்பா,” என்றார் உலகநாதன். மனசாரத்தான் சொன்னார். ஆட்டி வைக்க ஆளில்லை, விசில் இல்லை, அட்டவணை இல்லை. ஒரு துண்டு ரப்பர் இத்தனையும் அறிந்து நடக்கிறது.

“சரி, அந்த நாலு மூச்சு?”

“அது இழுக்கறதுக்கு ஆகுற நேரம்.”

புரிந்தது என்று தலையை ஆட்டினார். புரியவில்லை. அது மறுநாளே தெரிந்துபோனது.

*

மடத்துச் சமையல்காரர் கோதண்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைக்குப் பெரிய சமையல். அன்று அடுப்பு மந்தமாக எரிந்தால், மிதக்கும் டிரம்மின் தலையில் நாலைந்து கருங்கல்லைத் தூக்கி வைப்பார். கனத்தில் டிரம் அழுந்தி, கேஸ் வேகமாக வரும். தீ ஜோராக எரியும். ஆனால் எஞ்சின் நின்றபிறகுதான் கல் ஏறும், சமையல் முடிந்த கையோடு இறங்கிவிடும்.

ஐந்தாம் நாள் அமாவாசை. கல் ஏறியதை உலகநாதன் பார்த்தார். இறங்கியதைப் பார்க்கவில்லை. அப்போது பந்தியில் பாயசத்தில் இருந்தார்.

ஆறாம் நாள் விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் போய் டிரம்மின் மேல் எட்டுக் கல்லை ஏற்றினார். இன்றைக்குப் பார், திணறாமல் போகிறதா இல்லையா என்று உள்ளூர ஒரு குஷி. சௌந்தரவல்லியைக் கொட்டகைக்கு வெளியே நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தன் சாமர்த்தியத்தை அவளும் பார்க்கட்டுமே.

எஞ்சின் கிளம்பியது. இரண்டு நிமிடம் இருமிக்கொண்டே ஓடியது. வடிவாம்பாளின் புருவம் சுருங்கியது. உலகநாதன் வால்வைத் திறந்தார்.

எஞ்சின் விக்கியது, உதறியது. என்ன ஆச்சு என்று அவர் புகைக்குழாய் ஓரமாகக் குனிந்து பார்த்தார்.

டமார் என்று வெடித்தது. அளவுக்கு மீறி வந்து எரியாமல் போன கேஸ் புகைக்குழாய்க்குள் பற்றிக்கொண்டது. எஞ்சின் டீசலில் ஓடிய காலத்திலிருந்து அதில் அடைந்துகிடந்த கரி அத்தனையும் வெளியே வந்து கொட்டியது. எஞ்சின் நின்றுவிட்டது.

அடிபடவில்லை என்று தெரிந்ததும் வடிவாம்பாள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கல்லு ஏத்தினீங்களா?”

“எட்டு.”

“எதுக்கு?”

“ஒரு உதவிக்குத்தாம்மா. பாவம், திணறுதேன்னு.”

“அது கேட்டுச்சா?”

உலகநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். திரும்பி நாற்காலியைப் பார்த்தார். சௌந்தரவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனியாகவே போய் எட்டுக் கல்லையும் ஒவ்வொன்றாக இறக்கினார். ஏற்றும்போது தெரியாத கனம் இறக்கும்போது தெரிந்தது. கண் கலங்கியது. கரிப்புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே புகைகூட இல்லை.

எஞ்சினுக்குள் தங்கியிருந்த கேஸ் கலைந்ததும் வடிவாம்பாள் மறுபடி கிளப்பினாள். சீராக ஓடியது.

“திறங்க.”

திறந்தார். எஞ்சின் திக்கியது. சத்தம் இறங்கியது.

உலகநாதன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. நாலாவது மூச்சில் எஞ்சின் தன் கனத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. மேலே தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

வெளியே வந்து சௌந்தரவல்லியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். என்ன வேணும் என்று கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்தார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அப்படி உட்கார்ந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவள் உதடு அசைந்தது.

“மூ...”

மூச்சு முட்டுதா? மூட்டு வலிக்குதா? மூணு மணி மாத்திரையா? அது மத்தியானம்தானே? வார்த்தைகள் அவர் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றன. வாயை இறுக மூடிக்கொண்டார்.

“மூ... மூ...”

அவள் நெற்றியில் நரம்பு புடைத்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நாலு மூச்சு போயிற்று. பத்துப் போயிற்று. எண்ணுவதை விட்டுவிட்டார். கொட்டகைக்குள் வடிவாம்பாள் துணியும் கையுமாக அப்படியே நின்றாள்.

சௌந்தரவல்லி கண்ணை மூடினாள். காற்றை ஆழமாக இழுத்தாள். கண்ணைத் திறந்து நல்ல கையை நீட்டி, அவர் கன்னத்தைத் தொட்டாள்.

“மூஞ்சி,” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “மூஞ்சி... முழுக்க... கரி.”