ஸ்டெப்னிக்குக் காது கேட்கும்

இந்தக் கதையில் சீடருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். குருவுக்கு அதில் பாதிதான்.

சீடரின் பெயர் பலவேசம். ஆயுசில் பெரும்பகுதி லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் கன்னி என்கிற வேட்டை இனத்து நாய் ஒன்றும்தான். கால் இல்லாதவனுக்கு மாற்றுச் சக்கரமாக இருக்கட்டும் என்று அதற்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தார். நாயோ எந்தச் சக்கரத்தையும்விட வேகமாக ஓடியது. கூப்பிட்டால் மட்டும் வராது.

ஒரு நாள் அது ஆட்டுக்கார மாயாண்டியின் மந்தைக்குள் புகுந்து விரட்டியதில் ஒரு குட்டிக்குக் கால் ஒடிந்தது. மாயாண்டி சத்தம் போடவில்லை. பலவேசத்தின் வாசலில் வந்து நின்று, இன்னொரு தடவை உம்ம நாய் என் ஆட்டை விரட்டினால் அன்றைக்கே அதை அடித்துப் போட்டுவிடுவேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊர் அதை நியாயம் என்றது. பலவேசத்துக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் அவருக்குத் தூக்கம் போனது.

கட்டிப் போட்டுப் பார்த்தார். ஸ்டெப்னி சாப்பிடாமல் சங்கிலியைக் கடித்துக்கொண்டே கிடந்தது. கடைசியில் ஓர் ஆட்டோவில் நாயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஜெபக்கனியிடம் போனார்.

ஜெபக்கனி குளத்துக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிய பெண். எங்கே போவதென்றாலும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான். கடிக்கிற நாய், இடி இடித்தால் கட்டிலுக்கடியில் நடுங்குகிற நாய், எல்லாவற்றையும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கொட்டகை வாசலில் படி கிடையாது, சரிவுதான். உள்ளே கம்பும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. அதைப் பார்த்ததும் பலவேசத்துக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

"குருவே," என்றார். அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது. "இவனுக்குக் காது கேக்கலையோன்னு சந்தேகமா இருக்கு. ஊருக்கே கேக்குற மாதிரி கூப்பிடுதேன். திரும்பி ஒரு பார்வை பாத்துட்டு எதிர்ப்பக்கம் ஓடுதான். அது ஏன்?"

எதற்கெல்லாம் கூப்பிடுவீர்கள் என்று ஜெபக்கனி கேட்டார். பலவேசம் ஒளிக்காமல் சொன்னார். குளிப்பாட்டக் கூப்பிடுவார். கட்டிப் போடக் கூப்பிடுவார். ஊசி போட்டுக் கூட்டிவரக் கூப்பிடுவார். சேட்டை செய்தால் நாலு சாத்துவதற்கும் கூப்பிடுவார். சோற்றுக்கு மட்டும் கூப்பிட வேண்டியதில்லை, அதற்கு அவனே வந்துவிடுவான்.

கொஞ்ச நாள் பகலில் இங்கேயே இருங்கள், எனக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்றார் ஜெபக்கனி.

பலவேசம் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "பலவேசம் அண்ணாச்சி!" அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு போனார். ஒரு நாய்க்கு உண்ணி பிடுங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். "பலவேசம் அண்ணாச்சி!" ஒரு குட்டி வாந்தி எடுத்திருந்தது, துடைக்க வேண்டும். மறுபடி கூப்பிட்டபோது வாளியை ஏன் வழியில் வைத்தீர்கள் என்று ஓர் ஏச்சு. வெற்றிலை போட்டால் கூப்பிட்டார். கண்ணை மூடினால் கூப்பிட்டார். தன் பெயர் இவ்வளவு நீளமா என்று பலவேசத்துக்கே அலுத்துப்போனது.

மறுநாள் பிற்பகல் அந்தக் குரல் வந்ததும் அவருடைய கால் தானாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒதுங்கியது. ஸ்டெப்னி ஏற்கெனவே அங்கேதான் படுத்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்கூட்டர் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது.

"கூப்பிட்டேனே அண்ணாச்சி. காது கேக்கலையா?"

"கேக்கலையே," என்றார் பலவேசம். அறுபது வயதில் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. "கேட்டுது."

"பின்ன ஏன் வரலை?"

"வந்தா ஏதாவது வேலையைத் தலையில கட்டுவீங்க. இல்லைன்னா ஏச்சு விழும்."

ஜெபக்கனி ஸ்டெப்னியைப் பார்த்தார். "இவனுக்கும் நல்லாத்தான் கேக்கு அண்ணாச்சி."

பலவேசம் நாயின் முதுகில் கையை வைத்தார். அது உடம்பை ஒடுக்கிக்கொண்டது. இத்தனை நாளும் அது வராததைப் பிடிவாதம் என்றல்லவா நினைத்திருந்தார்.

ஜெபக்கனி மடியிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார். முந்திரிக்கொத்துப் பலகாரம். அப்போதுதான் யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள், சூடு ஆறவில்லை. "இதுக்குத்தான் கூப்பிட்டேன்," என்றார்.

ஸ்டெப்னி என்ற பெயரை நாயிடம் இனிமேல் சொல்ல வேண்டாம் என்றார் குரு. அவனை ஒரு தடவைகூடத் திட்டாத வார்த்தை ஒன்று வேண்டும். அதைச் சொன்னால் நல்லது மட்டுமே நடக்க வேண்டும்.

பலவேசம் சாயங்காலம் முழுக்க யோசித்தார். வாலே, வாடா, இங்க வா, எல்லாவற்றிலும் திட்டியாகிவிட்டது. லாரிக்காரர் வாயில் கறைபடாத சொல்லைத் தேடுவது லேசான காரியமில்லை. கடைசியில்தான் ஒன்று தட்டுப்பட்டது. அந்த நாய்க்கு அவர் மரியாதை மட்டும் கொடுத்ததே இல்லை.

"வாங்க," என்றார் மறுநாள் காலையில். சொல்லிவிட்டு ஒரு துண்டு கோழி ஈரலை நீட்டினார்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சம்பந்தி வீட்டாரை அழைப்பது போல நாயை அழைக்கிறார் என்றார்கள். பலவேசம் சட்டை செய்யவில்லை. முதலில் கைக்கெட்டும் தூரத்திலிருந்து கூப்பிட்டார், பிறகு தின்பண்டத்தைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் ஈரல், ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் சொறிதல். குளிப்பாட்ட வேண்டுமென்றால் கூப்பிடக் கூடாது. கட்டையை ஊன்றி அவரே நாயிடம் போக வேண்டும். எல்லாவற்றிலும் அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் போனார்.

பிறகு குளத்தங்கரை. நாய்க்கு நீளக் கயிறு கட்டி, தினமும் மாலையில் பலவேசம் கூப்பிட்டுப் பழக்குவார். ஜெபக்கனி ஸ்கூட்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு மாலை, கல்லில் உரசி உரசி நைந்திருந்த கயிறு அறுந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மாயாண்டியின் ஆடுகள் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

ஸ்டெப்னி பாய்ந்துவிட்டது. ஆடுகள் சிதறின. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று "ஸ்டெப்னி! ஸ்டெப்னி!" என்று கத்தினார்கள். கத்தக் கத்த அது இன்னும் வேகமாக ஓடியது. மாயாண்டி கம்பை ஓங்கிக்கொண்டு குறுக்கே இறங்கினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. சொன்ன சொல்லைச் செய்யப் போகிறவரின் முகம் அது.

நாயைத் தடுக்க வேண்டியவர்கள் இரண்டே பேர். இருவராலும் ஓட முடியாது. பலவேசம் கட்டையை ஊன்றித் தடுமாறி இரண்டு எட்டு வைத்தார்.

"போகாதீங்க," என்றார் ஜெபக்கனி. "கூப்பிடுங்க."

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று பலவேசம் ஊரைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் குளக்கரையே அடங்கியது. இவன் வராவிட்டால் இன்றோடு சரி. மூச்சை இழுத்து, முற்றத்தில் கூப்பிடுகிற அதே குரலில், சந்தோஷமாக, கையை விரித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"வாங்க!"

ஓடுகிற நாயின் ஒரு காது திரும்பியது. அதன் மூக்குக்கு நேராக ஒரு கிடா துள்ளிப் போனது. நாய் கிடாவைப் பார்த்தது. கரையைப் பார்த்தது. பிறகு அந்தக் கன்னி நாய் நாலு காலும் தரையில் படாமல், புழுதி கிளப்பிக்கொண்டு, மந்தையை விட்டு, மாயாண்டியின் கம்பை விட்டு, பலவேசத்தை நோக்கி வந்தது. வந்த வேகத்தில் அவரையும் கட்டையையும் சேர்த்துச் சாய்த்தது.

குளக்கரை முழுவதும் கைதட்டியது. சிரித்தவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள். பலவேசம் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டு அழுதார். ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். எந்தச் சரக்கை எந்த ஊரில் கொண்டுபோய் இறக்கியபோதும் அவர் அப்படி ஒரு சந்தோஷப்பட்டதில்லை.

மாயாண்டி மூச்சு வாங்க வந்து நின்றார். கம்பைப் பலவேசத்திடம் நீட்டினார்.

"நான் அடிக்கலைவே. உம்ம நாயி, நீரே நாலு போடும். அப்பதான் புத்தி வரும்."

பலவேசத்துக்குக் கை அரிக்கத்தான் செய்தது. இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கப் பார்த்ததே இந்தச் சனியன். ஆட்டுக்கு ஒன்று ஆகியிருந்தால்? கை கம்பு வரைக்கும் போனது. நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது உடம்பை ஒடுக்கவில்லை.

கை திரும்பிச் சட்டைப் பைக்குள் போனது. மிச்சமிருந்த ஈரல் அத்தனையையும் எடுத்துத் தரையில் கொட்டினார். "தின்னுங்க," என்றார்.

மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை. ஜெபக்கனியிடம் திரும்பினார். "என்ன தாயீ இது? ஆட்டை விரட்டுன நாய்க்கு விருந்தா? இவரு அடிக்க வேண்டாமா?"

"அடிக்கட்டும் அண்ணே," என்றார் ஜெபக்கனி. "ஆனா அடுத்த தடவை உங்க ஆட்டை விட்டுட்டு அவன் எதுக்குத் திரும்பி வரணும்?"