நண்டைப் பற்றி ஒரு வார்த்தை

அந்தக் காலத்தில், குருவிக்கும் நண்டுக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, ஏரிக்கரையில் ஒரு விதி இருந்தது. கூட்டத்தின் நடுவில் ஒருவரைப் பற்றி என்ன சொன்னாலும் அது அவரோடு ஒட்டிக்கொள்ளும். அவர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். நரியைத் தந்திரக்காரன் என்று யாரோ விளையாட்டாகச் சொல்லப்போக, அதை இன்றுவரை யாராலும் உரித்தெடுக்க முடியவில்லை.

அந்தக் கரையில் மஞ்சள் கால் குருவி ஒருத்தி கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை இட்டிருந்தாள். உச்சி வெயிலில் முட்டைகள் கொதிக்குமே என்று, வயிற்றுச் சிறகை நனைத்துவர ஏரிக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், முட்டைகளின் பக்கத்தில் ஒரு நண்டு, கொடுக்கைத் தூக்கியபடி!

"ஐயோ, எல்லாரும் வாங்க! என் முட்டை போச்சு!"

எருமை வந்தது, தவளைகள் வந்தன. கூட்டம் கூடிவிட்டது. கூட்டியவர் யாரைப் பற்றிக் கூட்டினாரோ அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டம் கலையக்கூடாது.

"சொல்லும்மா," என்றது எருமை, அசைபோடுவதை நிறுத்தாமல்.

"இந்த நண்டு ஒரு திரு..."

"அக்கா, கோபம் அப்புறம். முதல்ல முட்டையை எண்ணுங்க," என்றது நண்டு. அந்தச் சொல் முழுதாக வந்துவிட்டால், பிறக்கப்போகும் குஞ்சு நண்டுகள்கூடத் திருடர்கள்தான்.

எண்ணினாள். நான்கும் இருந்தன. ஈர மண்ணைப் பார்த்தாள். முட்டைகளைச் சுற்றிக் கீரியின் கால்தடம். அதற்கு உள்ளே, கீரி போன பக்கமெல்லாம் பக்கவாட்டிலேயே நகர்ந்த நண்டின் கால்தடம்.

"கீரி எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் நகர்ந்தேன். முகத்தைத் திருப்பினா பாஞ்சிடும். நீங்க வர்ற சிறகுச் சத்தம் கேட்டுத்தான் ஓடிச்சு."

அவள் கண் கலங்கியது. "இந்த நண்டு நல்லவன்னு சொல்லிடறேன்!"

"அது உன் மனசு சொல்றது," என்றது எருமை. "கண்ணு பார்த்ததைச் சொல்லு. பொழுது போகுது."

அவள் கண்ணால் பார்த்தது அந்தக் கால்தடம் ஒன்றைத்தான். "நண்டு பக்கவாட்டில் நடப்பவன்," என்றாள் மெல்ல.

அதுவரை நேராக நடந்த நண்டு ஓர் அடி வைத்தது. கால் பக்கவாட்டில் போனது. தவளைகள் கெக்கலித்தன.

"ஒருநாள் செஞ்சதை உனக்கு ஆயுசுக்கும் கட்டிவிட்டேனேப்பா," என்று அழுதாள்.

"பரவாயில்லக்கா. இப்ப எந்தக் கீரி வந்தாலும் எனக்குப் பழகின நடைதானே," என்று சொல்லி, நண்டு குறுக்காகவே வளைக்குள் போனது.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. அவளும் அன்று முதல், கரையில் யார் தலை தெரிந்தாலும் ஆள் வருது, ஆள் வருது என்று கத்துகிறாள். ஆட்காட்டி என்ற பெயரும் வந்துவிட்டது. ஆனால் வருகிற ஆள் எப்படிப்பட்டவர் என்று மட்டும் அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.