அசுவ ஸ்தம்பன யந்திரம்

முன்னொரு காலத்தில், குதிரைகளுக்கும் பட்டப்பெயர் சூட்டுகிற ஒரு தேசத்தில், சண்டப்பிரதாபர் என்று ஒரு மகாராஜா இருந்தார். அவரிடம் ஒரு சாரட்டு வண்டி இருந்தது. அதை இழுக்க வெள்ளை நிறத்தில் ஒரு பெண்குதிரை இருந்தது. அரண்மனையில் அதன் பெயர் அசுவகுல திலகம். லாயத்தில் அதன் பெயர் ராக்காயி. அசுவகுல திலகம் என்று கூப்பிட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

மகாராஜா சாரட்டில் ஏறுவதற்கென்று ஒரு முறை உண்டு. வகுத்தவர் பிரதானி வரகுணநாதர். மகாராஜா ஏறி உட்கார்ந்ததும் சங்கும் எக்காளமும் முழங்க வேண்டும். முழங்கி முடித்த கையோடு, அரண்மனை வாசலில் இருக்கிற அத்தனை பேரும் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட வேண்டும். மகாராஜா ‘எழுக’ என்று சொல்லும்வரை யாரும் தலையைத் தூக்கக் கூடாது. அத்தனை பேர் என்றால் வண்டி ஓட்டுகிற சாரதியும் சேர்த்தியா என்று யாரோ ஒருவர் கேட்டார். “சாரதி என்ன, மகாராஜாவுக்கு மேலா?” என்றார் பிரதானி. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஆகவே சாரதி இருளப்பன் கடிவாள வாரை வண்டியிலேயே போட்டுவிட்டு இறங்கி விழுந்து கும்பிடுவான்; ‘எழுக’ என்றதும் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏறுவான். பல வருஷம் இப்படியே நடந்தது. ராக்காயியும் பொறுத்துக்கொண்டது. பங்குனி மாதத்தில் புதிதாக ஓர் எக்காளக்காரன் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல மூச்சுக்காரன். முதல் நாளே அவன் எக்காளத்தைக் குதிரையின் காதுப் பக்கம் திருப்பி ஊதினான்.

ராக்காயி கிளம்பிவிட்டது.

“எழுக! எழுக!” என்று கத்திக்கொண்டே மகாராஜா போனார். போன வேகத்தில் அது யார் காதிலும் விழவில்லை. காதில் விழாததால் யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. பிரதானியின் முதுகில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் போனது.

சாரட்டு, கோட்டைக்கு வெளியே ஒரு வெள்ளரித் தோட்டத்துக்குள் புகுந்து நின்றது. மகாராஜாவின் கிரீடம் இருக்கைக்கு அடியில் எங்கேயோ உருண்டு கிடந்தது. தோட்டக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

“ஏன்யா வண்டிக்காரா, ஓட்டத் தெரியாட்டி எறங்கி நடக்க வேண்டியதுதானே? பிஞ்செல்லாம் போச்சு. மூஞ்சியப் பாரு, மூஞ்சிய! நகை மட்டும் போட்டுக்கிட்டாப் போதுமா?”

அவளே குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துத் திருப்பி, கோட்டை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அங்கிருந்து குதிரை தானே அரண்மனை வாசலுக்கு வந்தது. விழுந்தவர்கள் விழுந்தபடியே கிடப்பதைக் கண்டு மகாராஜா மனம் நெகிழ்ந்தார். ‘எழுக’ என்றார். ஆனால் ‘வண்டிக்காரா’ என்ற சொல் மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

அன்று சபை கூடியதும் உத்தரவு பிறந்தது: “ஆள் இல்லாத வேளையிலும் குதிரை அசையாமல் நிற்க ஒரு யந்திரம் வேண்டும்.”

சபையில் குழைக்காதர் என்று ஒரு விகடகவி இருந்தார். மகாராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். அதில் ஒரு கஷ்டம். அவர் எதைச் சொன்னாலும் சபையோர் முதலில் மகாராஜாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் சிரித்தால் சிரிப்பார்கள். அவர் தும்மினால் அதற்கும் சிரிப்பார்கள். சொன்னது நன்றாக இருந்ததா இல்லையா என்று குழைக்காதருக்கே தெரியாமல் போய்விடும். அரண்மனையில் மகாராஜாவைப் பார்க்காமல் சிரிக்கிற ஒரே ஆள் இருளப்பன்தான். அதனால் ஒரு விகடம் தோன்றினால் குழைக்காதர் முதலில் லாயத்துக்குப் போய் அதைச் சொல்லிப் பார்ப்பார். இருளப்பன் சிரிக்காவிட்டால் அது சபைக்கு வராது.

“மகாராஜா, சாரதி மட்டும் கும்பிடாமல் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தால்…” என்று குழைக்காதர் ஆரம்பித்தார்.

“கேட்டீர்களா பிரபு!” என்று பிரதானி குறுக்கே விழுந்தார். “தங்களைக் கும்பிடாமல் இருக்க வேண்டுமாம்! இன்று சாரதி, நாளை யார்?”

மகாராஜா புருவத்தை உயர்த்தினார். குழைக்காதர் உட்கார்ந்துவிட்டார்.

பிரதானி ‘யந்திர சார்வபௌமர்’ என்ற பட்டத்தை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு யந்திரம் செய்யத் தொடங்கினார்.

முதல் யந்திரம் ஒரு கல். கடிவாளத்தில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையில் கல்லைக் கட்டித் தரையில் வைத்துவிட வேண்டியது. யோசனை மோசமில்லை. ஆனால் ராஜாங்கத்துக் கல் மொட்டையாக இருக்கலாமா என்று அதில் ராஜமுத்திரையைச் செதுக்கினார்கள். செதுக்கிய பிறகு, ராஜமுத்திரை மண்ணில் படலாமா என்ற கேள்வி வந்தது. படக் கூடாது. ஆகவே கல்லுக்கு அடியில் ஒரு பட்டு மெத்தை போட்டார்கள். எக்காளம் முழங்கியதும் ராக்காயி கிளம்பியது. பட்டு மெத்தைமேல் கல் வழுக்கிக்கொண்டு பின்னாலேயே போனது. வெள்ளரித் தோட்டக்காரி அன்றும் பேசினாள்.

இரண்டாவது யந்திரம் ஒரு சங்கிலி. ஒரு முனை கடிவாளத்தில், மறுமுனை சக்கரத்தின் நடுக் குடத்தில். சக்கரம் உருண்டால் சங்கிலி குடத்தில் சுற்றிக்கொள்ளும், கடிவாளம் இறுகும், குதிரை நின்றுவிடும். எக்காளம் முழங்கியது. ராக்காயி ஓரடி முன்னால் வைத்தது. கடிவாளம் இறுகியது. கடிவாளத்தை இழுத்தால் பின்னால் போக வேண்டும் என்று பழக்கப்பட்ட குதிரை ஆகையால், பின்னால் போனது. அப்போது சக்கரமும் பின்னால் உருண்டது. சங்கிலி மறுபுறமாகச் சுற்றிக்கொண்டு இன்னும் இழுத்தது. குதிரை இன்னும் பின்னால் போனது. மகாராஜா முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். வண்டிக்குப் பின்புறம் விழுந்து கிடந்தவர்கள் தலையைத் தூக்காமலே உருண்டு விலகினார்கள், முறை தவறவில்லை. சாரட்டு அரண்மனைக்குள் நுழைந்து, முற்றத்தைக் கடந்து, மடைப்பள்ளிச் சுவரில் மோதி நின்றது. “போகும்போதும் எங்களுக்குத் திருமுகம் காட்டியபடியே போகிற வள்ளல்” என்று அவைப்புலவர் மண்ணில் கிடந்தபடியே ஒரு வெண்பா பாடினார்.

மகாராஜாவின் நெற்றியில் ஒரு புடைப்பு இருந்தது. யாராவது பதில் சொல்ல வேண்டிய புடைப்பு.

“யந்திரத்தில் பிழை இல்லை பிரபு,” என்றார் பிரதானி. “பிழை குதிரையில். குதிரையைக் கெடுத்தவன் சாரதி. வசந்த விழாவன்றும் குதிரை அசைந்தால் அவன் தலையை வாங்க வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும். அதுவரை அவன் சிறையில் கிடக்கட்டும். யந்திரம்?”

பிரதானி குழைக்காதரைப் பார்த்துப் புன்னகை செய்தார். “எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற நம் விகடகவி இருக்கிறாரே! அவரே செய்யட்டும். ஆனால் முளைக்குச்சி அடித்துக் குதிரையைக் கட்டக் கூடாது. யாரும் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. அவர் உட்பட எல்லோரும் விழுந்து கும்பிட்டாக வேண்டும்.”

“ஆம். நம்மைத் தவிர ஒருவரும் தலை நிமிர்ந்திருக்கக் கூடாது,” என்றார் மகாராஜா.

“மகாராஜாவைத் தவிர,” என்றார் குழைக்காதர்.

“நம்மைத் தவிர.”

“உத்தரவு மகாராஜா.”

சிறையில் இருளப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“சாமி, என் தலை நிக்குமா?”

“ராக்காயி நின்னா உன் தலையும் நிக்கும்.”

“அவ எக்காளம் கேட்டா நிக்க மாட்டாளே சாமி. யாராச்சும் வாரைப் பிடிச்சு, நாலு வார்த்தை நல்லதாச் சொல்லணும்.”

“என்ன வார்த்தை?”

இருளப்பன் சொன்னான். குழைக்காதர் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வசந்த விழா வந்தது. சாரட்டின் முன்புறத்தில் குழைக்காதரின் யந்திரம் இருந்தது. சந்தனப் பெட்டி, சுற்றிலும் கண்ணாடிச் சில்லு, மயிற்பீலி, சலங்கை. பக்கத்துக்கு ஒரு பித்தளைச் சக்கரம். குதிரையிடமிருந்து வரும் வார் பெட்டியின் முன்துளை வழியாக உள்ளே போனது. பின்பக்கத்திலிருந்து பட்டுச் சுற்றிய இரண்டு பொற்கைப்பிடிகள் மகாராஜாவின் இருக்கையை நோக்கி நீண்டிருந்தன.

பிரதானி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இந்தச் சக்கரம் என்ன செய்யும்?”

“சுற்றும்.”

“எதற்கு?”

“யந்திரம் என்றால் சக்கரம் சுற்ற வேண்டாமா?”

பிரதானிக்கு அது சரியாகத்தான் பட்டது.

“மகாராஜா,” என்றார் குழைக்காதர், “இது ராஜஹஸ்தம் பட்டால்தான் வேலை செய்யும். எக்காளம் முழங்கியதும் இரண்டு கைப்பிடிகளையும் மார்புப் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். குதிரை அடங்கியதும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கூடவே ஒரு மந்திரம் உண்டு.” மந்திரத்தை மகாராஜாவின் காதில் சொன்னார். மகாராஜா பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்.

இருளப்பனை விலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கத்தில், வாளைத் துடைத்தபடி ஒருவன் நின்றான்.

சங்கு முழங்கியது. எக்காளம் முழங்கியது. ஊர் முழுக்க மண்ணில் விழுந்தது. வாள்காரன் விழுந்தான், இருளப்பன் விழுந்தான், குழைக்காதர் விழுந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டார். ராக்காயி காதை மடக்கி முன்காலைத் தூக்கியது.

மகாராஜா இழுத்துப் பிடித்தார். பித்தளைச் சக்கரங்கள் சுற்றின. அந்த அமைதியில் ராஜகம்பீரத்தோடு மந்திரம் ஒலித்தது:

“ஹோ… ஹோ… ஓஓய்! நில்லுடி என் தங்கம்! நில்லுடி ராக்காயி!”

ராக்காயி தூக்கிய காலைக் கீழே வைத்தது. திரும்பிப் பார்த்தது. நின்றது.

எங்கேயோ ஒருவன் கலகலவென்று சிரித்தான்.

“எழுக!” என்றார் மகாராஜா. அவர் முகம் விளக்கு ஏற்றினாற்போல் இருந்தது. “நின்றது! பார்த்தீர்களா, நின்றது!”

“பிரபு, சிரித்தது யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும்,” என்றார் பிரதானி. விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. இருளப்பன் விலங்கோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஏனடா சிரித்தாய்?” என்று பிரதானி அதட்டினார்.

“மன்னிக்கணும் எசமான். அது மந்திரமில்லீங்க. வண்டியில உக்காந்து நான் போடுற சத்தம்ங்க. மகாராஜா என்னைய விட நல்லாவே போட்டாங்க.”

பிரதானி பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. வார் முன்துளையில் நுழைந்து, நேராக வந்து, கைப்பிடியில் முடிந்திருந்தது. சக்கரங்கள் பெட்டியின் வெளிப்புறத்தில் ஆணியில் சும்மா தொங்கின; வண்டி குலுங்கினால் சுற்றும்.

“பிரபு! ஏமாற்று! குதிரையை யந்திரம் பிடிக்கவில்லை, தாங்களே பிடித்திருக்கிறீர்கள்! இந்த விகடன் தங்களை வண்டிக்காரனாக்கிவிட்டான்!”

வெள்ளரித் தோட்டத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை மகாராஜாவின் முன்னால் யாரும் சொன்னதில்லை. அவர் முகத்தில் விளக்கு அணைந்தது. வாள்காரன் இருளப்பனையும் பார்த்தான், குழைக்காதரையும் பார்த்தான்.

குழைக்காதர் முன்னால் வந்தார். கை கூப்பினார்.

“மகாராஜா, பிரதானியார் சொல்வது உண்மை. வேறு வழி தெரியவில்லை. எல்லோரும் விழுந்து கிடக்கிற வேளையில் இந்த ராஜ்யத்தில் காலியாக இருக்கிற கை தங்களுடையது மட்டும்தான். ஆனால் இப்போது ஒரு சங்கடம் வந்திருக்கிறது. சாரதி இறங்கி மகாராஜாவை விழுந்து கும்பிட வேண்டும் என்பது பிரதானியார் வகுத்த முறை. வாரைப் பிடித்தவர் தாங்கள். ஆகவே தாங்கள் இறங்கி, மண்ணில் விழுந்து, மேலே உட்கார்ந்திருக்கிற தங்களைக் கும்பிட வேண்டும். தாங்கள் மேலேயிருந்து ‘எழுக’ என்று சொல்லும்வரை கீழே கிடக்கிற தாங்கள் எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவு நேரமும் வார் யார் கையில் இருக்கும் என்பதைப் பிரதானியார்தான் சொல்ல வேண்டும்.”

சபையோர் வழக்கம்போல மகாராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

“சொல்லும் பிரதானி,” என்றார் மகாராஜா. “நாம் இறங்க வேண்டுமா?”

“அது… முறைப்படி பார்த்தால்…”

“பார்த்தால்?”

“சாரதி என்ற வகையில் இறங்க வேண்டியதுதான் பிரபு. மகாராஜா என்ற வகையில் இருக்க வேண்டியதுதான். பாதி இறங்கி…”

மகாராஜா வண்டியிலிருந்து எட்டிக் கீழே பார்த்தார். ராக்காயி அப்போதுதான் சாணம் போட்டிருந்தது. மகாராஜாவின் தோள் குலுங்கியது. தொப்பை குலுங்கியது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் ராக்காயி மறுபடியும் காதை மடக்க, கை தானாக வாரை இழுத்துப் பிடித்தது. வாய் தானாக “ஓஓய்” என்றது. அதற்கும் சிரித்தார். சபையும் சிரித்தது. இருளப்பன் எப்போதோ ஆரம்பித்துவிட்டிருந்தான்.

அன்றே விலங்கு கழன்றது. வாரைப் பிடித்திருக்கிறவன் யாராக இருந்தாலும் கும்பிட வேண்டாம் என்று முறை மாறியது. எக்காளம் ஊதும்போது குதிரையின் முகத்துக்கு நேரே நின்று கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கிற பொறுப்பு பிரதானிக்குப் போனது. எல்லோரும் விழுந்து கிடக்கையில் தாம் மட்டும் நிற்பதைப் பிரதானி பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டு, ‘அசுவ ஸ்தம்பன சிகாமணி’ என்று தம் பட்டங்களோடு சேர்த்துக்கொண்டார். ராக்காயி அவ்வப்போது அவர் தலைப்பாகையைக் கடித்துப் பார்க்கும்.

“உமக்கு என்ன வேண்டும்?” என்று மகாராஜா குழைக்காதரைக் கேட்டார்.

“நான் பேசுகிற நாட்களில் இருளப்பனும் சபையில் இருக்க வேண்டும் மகாராஜா.”

“இருக்கட்டும். இப்போது வண்டியில் ஏறும். ஒரு இடத்துக்குப் போக வேண்டும்.”

மகாராஜாவே ஓட்டினார். பின்னால் குழைக்காதரும் இருளப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளரித் தோட்டத்து வேலிக்கு ஒரு முழம் முன்னால் “ஓஓய்” என்று நிறுத்தி, மகாராஜா தலை நிமிர்ந்து காத்திருந்தார். தோட்டக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து, சக்கரத்தைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள்.

“பரவாயில்லியே வண்டிக்காரா! இப்பத்தான் கத்துக்கிட்டியா?” என்று மடியிலிருந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.

மகாராஜா கோட்டை வந்து சேரும்வரை சிரித்தார். யந்திரத்தின் பொற்கைப்பிடிகள் இரண்டையும், அந்த வெள்ளரிப் பிஞ்சில் பாதியையும் குழைக்காதருக்கு வெகுமதியாகக் கொடுத்தார். மீதிப் பாதியை ராக்காயி தின்றது.