வலிக்காத கால்

மொத்தம் ஆறு நாள் நடை. ஐந்து நாள் ஊர் ஊராகப் போக வேண்டும். ஆறாம் நாள் காலையில் சுனைமலை முருகனைப் பார்க்க முந்நூற்றிருபது படி ஏற வேண்டும். நடுவில் விடியற்காலை மூச்சுப் பயிற்சி உண்டு, மதியம் வரகுக் கஞ்சி உண்டு, மூன்றாம் நாள் எண்ணெய்க் குளியலும் உண்டு. செல்போனை முதல் நாளே வாங்கித் துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். உடம்பும் மனசும் தேறுவதற்கான யாத்திரை என்று நோட்டீஸில் போட்டிருந்தது. வந்திருந்த இருபத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேருக்கு முதல் இரண்டு நாளில் தேறியது பசி மட்டும்தான்.

நடத்திக் கூட்டிப் போகிறவர் உமையாள். நாற்பத்தாறு வயது, குள்ளமான உருவம், வெளுத்த கைத்தறிச் சேலை. அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வரும். வாயிலிருந்துதான் வரும் என்று சொல்ல முடியாது. போன வருடம் ஒருவர், மனசை எப்படி நிறுத்துவது என்று கேட்டாராம். உமையாள் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை அவர் எதிரில் வைத்து உரிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரை "அம்மா" என்று கூப்பிட முதல் நாள் கொஞ்சம் தயங்கினார். இரண்டாம் நாள் பழகிவிட்டது. அவருக்கு உமையாளிடம் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்குத் தோதான நேரம் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அந்த யாத்திரையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் தங்குமிடம் சேர்ந்ததும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மடியில் துண்டை விரித்து, "காலைக் காட்டுங்க" என்பார். மற்றவர் நீட்டும் பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, குதிகாலிலிருந்து விரலிடுக்கு வரை பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு இவர் காலை அவர் பார்ப்பார். இது முடியாமல் யாருக்கும் சுக்குக் காபி கிடையாது.

குழந்தைவேலுவுக்கு ஜோடியாக வாய்த்தவர் வைரவன். ஜவுளிக்கடைக்காரர். கல்லாவை விட்டு எழுந்து நடந்து பல வருடமாகியிருந்தது. முதல் நாளே இரண்டு காலிலும் கொப்புளம்.

"ஐயா, மெதுவா. உயிர் போகுது."

"துணிதான் பட்டுச்சு. உயிர் எங்கயும் போகாது."

"சரி, உங்க காலைக் காட்டுங்க."

"நான் பம்ப்செட்லயே கழுவிப் பார்த்துட்டேன். ஒண்ணுமில்லை. காபி ஆறுது, எந்திரிங்க."

அதற்கு மேல் வற்புறுத்த வைரவனுக்குத் தெம்பில்லை. மூன்று நாளும் இப்படியே ஓடியது. "காலைக் காட்டுங்க" என்ற வார்த்தையைக் கேட்டாலே குழந்தைவேலுவுக்கு உடம்பு இறுகிக்கொள்ளும். ஏன் என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் அவர் செருப்புப் போடாமல் நடந்துகொண்டிருந்தார். கருவேலங்காடு, சரளை, கொதிக்கிற தார்ரோடு, எல்லாம் வெறுங்கால்தான். வைரவன் மர நிழலுக்கு மர நிழல் தத்தித் தத்தி ஓட, இவர் உச்சி வெயிலில் நடுரோட்டில் நிதானமாகப் போனார். நடிப்பு இல்லை. உண்மையிலேயே வலிக்கவில்லை, சுடவும் இல்லை. "ஐயா எங்கயோ போயிட்டாருப்பா" என்று வைரவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். குழந்தைவேலு அதைக் காதில் வாங்காத மாதிரியே நடந்தார். ஆனால் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் ஒரு கிராமத்துக் கல்யாண மண்டபத்தில் தங்கினார்கள். உமையாள் ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய வேட்டியைக் கட்டுப்போடும் துணியாக வெட்டிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு குழாயடியில் கால் கழுவிவிட்டு, சிமெண்டுத் தரையில் ஈரக்காலோடு நடந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நாலு நாளா வெறுங்காலோட நடக்குறேன். வலி தெரியலை. சூடு தெரியலை."

"ம்."

"கால் மட்டும் இல்லம்மா. என் சம்சாரம் செல்லத்தாயி தவறி ரெண்டு வருஷமாச்சு. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. காரியமெல்லாம் முறையா நின்னு முடிச்சேன். மக விழுந்து அழுதா, பார்த்துக்கிட்டே இருந்தேன். அன்னையிலிருந்து கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. எதுவும் என்னைத் தொடுறதில்லை. சொந்தக்காரங்க ஞானி ஆயிட்டாருங்குறாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்குறேன். பெரியவங்க சொல்ற அந்த நிலை இதுதானா?"

உமையாள் துணியை வெட்டிக்கொண்டே இருந்தார்.

"நாளன்னைக்கு நான் படி ஏறணும்மா. வெறுங்காலோட நடந்து வந்து படியேறுறேன்னு செல்லத்தாயி வேண்டிக்கிட்டா. செய்யாமலே போயிட்டா. அவளுக்காகத்தான் வந்திருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியா ஏறிடுவேன்."

உமையாள் தலை நிமிர்ந்தார். அவர் பார்வை குழந்தைவேலுவின் முகத்தில் நிற்காமல் தோளைத் தாண்டித் தரைக்குப் போனது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"காலை நீட்டிக் கண்ணை மூடிக்குங்க."

"எதுக்கும்மா?"

"உங்க பாதத்தை விரலால தொடுவேன். தொட்டதும் எந்த இடம்னு சொல்லுங்க."

"நீங்க போய் என் காலைத் தொடுறதாவது."

"கேள்வி கேட்டது நீங்கதானே."

குழந்தைவேலு கூச்சத்தோடு காலை நீட்டிக் கண்ணை மூடினார். பதில் இப்படி ஏதாவது ஒரு வழியில்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். வலது காலா, இடது காலா என்று கவனமாகக் காத்திருந்தார். யாரோ சுக்குத் தட்டும் சத்தம் கேட்டது. மின்விசிறி கிறீச்சிட்டது. பழக்கதோஷத்தில், அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"அம்மா, எப்ப ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சுட்டேன்."

கண்ணைத் திறந்தார். உமையாளின் கட்டைவிரல் அவருடைய வலது பாதத்தின் நடுவில் அழுந்தியிருந்தது. கண்ணால் பார்க்கும்போதுகூட அந்த அழுத்தம் தெரியவில்லை. விரலை எடுத்தபோது நுனியில் ரத்தம் இருந்தது.

"திரும்பிப் பாருங்க."

குழாயடியிலிருந்து அவர் வந்த வழியெல்லாம் ஈரத்தடம் காயாமல் கிடந்தது. வலது தடம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி.

குழந்தைவேலு அந்தப் புள்ளிகளைக் குழாயடி வரை கண்ணால் எண்ணிக்கொண்டே போனார்.

உமையாள் மறுபடி தொட ஆரம்பித்தார். இப்போது கண்ணைத் திறந்துகொண்டே.

"இங்க?"

"இல்லை."

"கணுக்கால்?"

"இல்லை."

"இங்க?"

"இல்லம்மா."

ஆடுசதை தொடங்கும் இடத்தில்தான் முதல்முறையாக "ஆமா" என்றார். உமையாள் அவருடைய சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு போட்டார்.

"சர்க்கரை இருக்கா?"

"யாத்திரைக்குச் சேரும்போது கொடுத்த ஃபார்ம்ல இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"எழுதினதைக் கேக்கலை."

"இருக்கு. பன்னெண்டு வருஷமா."

உமையாள் பேனாவை மூடி அவர் பையிலேயே செருகினார்.

"கம்பியைக் கையால பிடிச்சேன், ஒண்ணுமே ஆகலைன்னு ஒருத்தர் உங்க ஆபீசுல வந்து சொன்னா என்ன சொல்வீங்க?"

"எங்கயோ லைன் அறுந்திருக்குன்னு சொல்வேன்."

"ஞானின்னு சொல்ல மாட்டீங்களா?"

குழந்தைவேலு குனிந்து அந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மற்றவர்கள் நடக்க, உமையாள் அவரைச் சாமான் ஏற்றும் ஜீப்பில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். நர்ஸ் பாதத்திலிருந்து ஒரு கருவேல முள்ளை எடுத்துத் தட்டில் போட்டார். அரை விரல் நீளம் இருந்தது. அது உள்ளே போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. அது அவரைப் பயமுறுத்தியது. இரண்டு வருடத்தில் அவர் பயந்தது அன்றைக்குத்தான்.

"இன்னும் நாலு நாள் விட்டிருந்தா காலை எடுக்கிற நிலைமைக்குப் போயிருக்கும்," என்றார் நர்ஸ். "ரெண்டு வாரம் காலை ஊணக் கூடாது. படிக்கட்டு ஆகவே ஆகாது."

திரும்பி வரும்போது குழந்தைவேலு சண்டைக்கே வந்துவிட்டார்.

"அந்தப் படிக்குத்தானேம்மா வந்தேன்."

"தெரியும்."

"மெதுவா ஏறுறேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுறேன்."

"நர்ஸ் சொன்னது கேட்டுச்சுல்ல?"

"அப்ப செல்லத்தாயிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவங்க எதுக்காக வேண்டிக்கிட்டாங்க?"

குழந்தைவேலு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு வெளியே பார்த்தார். ஜீப் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறாம் நாள் காலை எல்லோரும் படி ஏறினார்கள். வைரவன் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, இவரைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "உங்களுக்கும் சேர்த்து ஏறிட்டு வர்றேங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். உமையாள் மட்டும் ஏறவில்லை. அடிவாரத்து மண்டபத்தில் ஒரு கல்மேடையில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்த குழந்தைவேலுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவங்க துணிமணியெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"மக எடுத்துக்கிட்டா."

"கட்டில்?"

"தம்பி வீட்டுக்குக் கொடுத்துட்டேன்."

"போட்டோ?"

"ஹால்ல மாட்டியிருக்கு."

ஆபீசில் ஃபைலைப் பார்த்துச் சொல்கிற மாதிரிதான் பதில் சொன்னார். நேற்று முன்தினம் "இல்லை, இல்லை" என்று சொன்ன அதே குரல் என்று அவருக்கே பட்டது.

"ஜீப்புல உங்க பையை வைக்கும்போது பார்த்தேன். அடியில ஒரு செருப்பு புதுசா இருக்கே. யார் வாங்கினது?"



"அவதான். சர்க்கரைக்காரங்க போடுற மெத்துச் செருப்பு. ஆஸ்பத்திரி வரிசைல நின்னு வாங்கிட்டு வந்தா. கிழவன் செருப்புன்னு சொல்லிப் போட மாட்டேன்னுட்டேன்."

"கொண்டு வந்திருக்கீங்களே."

"வீட்ல விட்டுட்டு வர மனசு வரலை."

"ம்."

"தினம் படுக்குறதுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்துக்குவா. கண்ணாடியை மாட்டிக்கிட்டு, 'காலைக் காட்டுங்க'ம்பா. மடியில வச்சு விரல் விரலாப் பிரிச்சுப் பார்ப்பா. நான் டிவி பார்த்துக்கிட்டு இருப்பேன். அவ முகத்தைக்கூடப் பார்த்ததில்லை." "அஞ்சு வருஷம் முன்னாடி பெருவிரல்ல ஒரு புண்ணு. மாசக்கணக்கா ஆறலை. அப்பத்தான் வேண்டிக்கிட்டா."

"என்னன்னு?"

"என் கால் புண்ணு ஆறிட்டா..."

அங்கேயே நின்றுவிட்டார். கட்டுப்போட்ட தன் காலைப் பார்த்தார்.

"என் கால் நல்லா ஆயிட்டா அவ வெறுங்காலோட வர்றேன்னு வேண்டிக்கிட்டாம்மா."

அதோடு அவர் உடைந்துவிட்டார். இரண்டு வருடம் தாமதமாக வந்த அழுகை லேசில் போகவில்லை. அறுபத்திரண்டு வயது மனுஷர் வாய்விட்டுத் தேம்பினார். காவடியோடு வந்த கூட்டம் நின்று பார்த்தது. தேங்காய்க் கடைக்காரர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"வலிக்குதும்மா."

"எங்க?"

கையைத் தூக்கினார். எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் கை அந்தரத்திலேயே நின்றது.

வெயில் ஏறியபோது வைரவன் நெற்றி நிறைய விபூதியோடு இறங்கி வந்தார். குழந்தைவேலுவின் கண்ணைப் பார்த்தார். ஆறு நாளில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல், அவர் நெற்றியிலும் கொஞ்சம் பூசிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

குழந்தைவேலு செம்புத் தண்ணீரைக் குடித்தார். மலையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உமையாள் பக்கம் திரும்பினார்.

"படி ஏறவே இல்லையேம்மா. அவ வேண்டுதல் அப்படியே நிக்குது. அதை நான் எப்படிச் செஞ்சு முடிக்கிறது?"

உமையாள் இறங்கி அவர் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டை உதறி மடியில் விரித்தார்.

"காலைக் காட்டுங்க."