தேன்கூட்டு வாசலுக்குக் காவல் வந்த கதை

பூச்சிகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு தேனீக்கூட்டம் பழைய இடத்தை விட்டுக் கிளம்பி, பனங்காட்டை ஒட்டிய மாமரத்தில் குடியேறியது. அதன் ராணிக்கு வானத்தின் வாக்கு கேட்கும். அவள் சொல்லை நம்பித்தான் எல்லோரும் வந்திருந்தார்கள்.

கூட்டைப் பெருக்கித் துடைப்பது அரும்பாயி என்ற தேனீயின் வேலை. பனைமரத்துக் கள்ளுப்பானையில் குடித்துவிட்டு வருகிறவர்கள் கக்கி வைப்பதை அள்ளி அள்ளி அவளுக்குக் கால் ஓய்ந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. போதையில் எவளாவது தேன் அறையில் கள்ளை ஊற்றிவிட்டால்? மழைக்காலத்துக்கு இருப்பதே அந்தத் தேன்தான். புளித்துப்போனால் குஞ்சுகள் எதைத் தின்னும்?

கீழ்க்கிளையில் முசுறு எறும்புகள் இருந்தன. பானையில் விழுந்து பாதிப் பேர் செத்த பிறகு, இனிக் கள்ளைத் தொடுவதில்லை என்று அவை கூடிச் சத்தியம் செய்திருந்தன. அரும்பாயி ராணியிடம் போய் அழுதாள். "கீழ்வீட்டைப் பாருங்கம்மா. நமக்கும் ஒரு வழி கேட்டுச் சொல்லுங்க."

ராணி மூன்று நாள் உச்சிக்கிளையில் வானத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு, "கள் உடம்புக்கு ஆகாது. இது கட்டளை இல்லை, புத்திமதி" என்றாள்.

அரும்பாயியின் தங்கை பூவாத்தா சிரித்தாள். "எறும்பு கீழே சொன்னதைத்தானே வானமும் மேலே சொல்லுது?"

"எறும்பு சொன்னப்பவே நீ கேட்டிருந்தா, நான் ஏன் வானத்தைத் தொந்தரவு பண்ணப்போறேன்?" என்றாள் ராணி.

புத்திமதிதானே என்று பூவாத்தா பானைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அரும்பாயி பயந்தது ஒரு நாள் நடந்தேவிட்டது. ஒரு வரிசைத் தேன் நுரைத்துப் புளித்தது. அதைத் தின்ற குஞ்சுகள் அசையவில்லை. அரும்பாயி அவற்றை ஒவ்வொன்றாய் வெளியே தூக்கிப் போட்டாள். பிறகு துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வாசலில் போய் நின்றாள்.

சாயங்காலம் மழை பிடித்தது. பூவாத்தா தள்ளாடி வந்தாள்.

"வாயைக் காட்டு."

"அக்கா, நனையிறேன். தள்ளிக்கோ."

"காட்டுடி!"

அரும்பாயி மோந்து பார்த்தாள். "உள்ளே குஞ்சு இருக்கு. தெளிஞ்சு வா."

பூவாத்தா திட்டினாள், கெஞ்சினாள். மழை அறைந்தது. அரும்பாயி அழுதாளே தவிர நகரவில்லை.

மழை விட்டதும் ஒரு இலையடியிலிருந்து பூவாத்தா ஊர்ந்து வந்தாள். இறக்கை ஒன்று கிழிந்திருந்தது. யாரும் கேட்காமலே அக்காவின் முன்னால் வாயை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வானத்திலிருந்து கட்டளை என்று எதுவும் அதற்குப் பிறகும் வரவில்லை. ஆனாலும் அன்று முதல்தான், கூடு திரும்பும் தேனீ கூடப்பிறந்தவளாகவே இருந்தாலும், வாசலில் நிற்பவள் மோந்து பார்த்த பிறகே உள்ளே விடுகிறாள்.