மூன்று நாய்களும் ஏழு பந்தல்களும்

வல்லநேரி ராஜா இரணசிங்க பூபதி இளவட்டமாக இருந்த காலத்தில் தினமும் ஓடுவாராம். யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள், அவரே சொன்னதுதான். பட்டம் கட்டிய பிறகு ஓட்டம் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. போன திருவிழாவில் அவர் ஏறி உட்கார்ந்ததும் பட்டத்து யானை எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது. அன்றைக்கே அரண்மனை வைத்தியர் கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மகாராஜா பழையபடி ஓட ஆரம்பித்தால் நல்லது."

ராஜா தனியாக ஓடினால் நன்றாகவா இருக்கும்? வேட்டை நாய்கள் மூன்றைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்தார்கள். இடி, மின்னல், சாந்தம். இதில் சாந்தம்தான் படு மோசம். இடி வடக்கே இழுக்கும், மின்னல் தெற்கே இழுக்கும், சாந்தம் கண்ணில் பட்ட வேட்டியை எல்லாம் கிழிக்கும். முதல் நாளே தளவாய் கங்காதர ராயரின் வேட்டியைக் கிழித்தது. அன்றிலிருந்து அவருக்கு அந்த நாய்களைக் கண்டாலே ஆகாது.

ஒரு மாதம் ஓடியும் ராஜா இளைக்கவில்லை. இன்னும் இரண்டு சுற்று பெருத்துவிட்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். ராஜா கால்நடையாக ஒரு தெருவுக்குள் வந்தால் அந்தத் தெருக்காரர்கள் பந்தல் போட்டு, பலகாரம் வைத்து வரவேற்க வேண்டும். வல்லநேரியில் அப்படி ஒரு வழக்கம். ராஜாக்கள் நடந்தே வராத ஊரில் அதனால் யாருக்கும் கஷ்டம் வந்ததில்லை. இப்போது தினமும் வருகிறார். கோட்டை வாசலிலிருந்து குளக்கரை வரை ஏழு தெரு, ஏழு பந்தல். அதிரசம், சுசியம், நெய்ப்பொங்கல், பணியாரம். விடியும் முன்பே அடுப்பு மூட்டிப் பெண்களுக்குக் கண்ணெல்லாம் புகை.

"நான் ஓடத்தான் பார்க்கிறேன். இந்த நாய்கள்தான் வாசனை பிடித்து என்னைப் பந்தலுக்கு இழுத்துப் போகின்றன," என்றார் ராஜா சபையில்.

தளவாய் இதற்காகத்தான் காத்திருந்தார். "நாய்களைக் கொன்றுவிடலாம் மகாராஜா. வளர்த்தவனை நாடு கடத்தலாம்."

நாய்க்காரன் ஒச்சப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். குட்டியிலிருந்து பால் ஊட்டி வளர்த்தவன். சபையில் விகடம் சொல்லிப் பிழைக்கும் ஆவுடையப்பனை மட்டும் நிமிர்ந்து பார்த்தான். ராஜாவின் வாயைப் பற்றி ராஜாவிடமே சொல்வது யாருக்குச் சுலபம்?

"நல்ல யோசனை," என்றான் ஆவுடையப்பன். ஒச்சப்பனுக்கு உயிரே போய்விட்டது. "ஆனால் மகாராஜா நீதி தவறாதவர். நாளைக்கு நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடுங்கள். பந்தல் பக்கம் திரும்பாமல் குளக்கரை சேர்ந்தால் நாய்கள்தான் குற்றவாளி என்று உறுதியாகிவிடும். அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது."

"அப்படியே ஆகட்டும்."

"தண்டனை யாருக்கு என்பதையும் எழுதிவிடலாமா?"

"எழுது. என்னைப் பந்தலுக்கு இழுப்பது யாராக இருந்தாலும் நாட்டை விட்டே போக வேண்டும்," என்றார் ராஜா. ஓலையில் எழுதி முத்திரையும் வைத்தாயிற்று.

மறுநாள் காலை நாய்கள் கொட்டிலில் கிடந்து ஊளையிட்டன. ராஜா ஓடினார். பின்னால் ஆவுடையப்பனும் தளவாயும் ஓடினார்கள்.

முதல் பந்தலில் ராஜாவின் செருப்பில் கல் ஏறிவிட்டது. கல்லை எடுப்பதற்குள் நாலு அதிரசம் போயிற்று. இரண்டாவது பந்தலில், "ஆசையாகச் செய்திருக்கிறார்கள், மனம் நோகும்," என்றார். மூன்றிலும் நான்கிலும் காரணம் சொல்லவே இல்லை, வாயில் இடம் இல்லை. ஐந்தாவது பந்தலில் இன்னும் எண்ணெய் காயவில்லை. காயும்வரை உட்கார்ந்திருந்தார். ஏழாவது பந்தலில் தளவாய் கூச்சத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சபை கூடியது. ஆவுடையப்பன் ஓலையைப் பிரித்து வாசித்தான்.

"நாய்கள் கொட்டிலில் இருந்தன. மகாராஜா ஏழு பந்தலுக்கும் போனார். இழுத்துப் போனவரைக் கண்டுபிடித்துவிட்டோம்."

எல்லோரும் ராஜாவின் பக்கம் திரும்பினார்கள்.

"அப்படியானால் என்னை நாடு கடத்தப் போகிறாயா?" என்றார் ராஜா. முகம் சிவந்திருந்தது.

"ஆணையும் முத்திரையும் உங்களுடையவை. நான் வெறும் சாட்சி," என்றான் ஆவுடையப்பன். "ஆனால் ஒரு சிக்கல். குற்றவாளியைப் பல்லக்கில் வைத்து எல்லை வரை கொண்டுபோகச் சொன்னேன். தூக்குகிறவர்கள் எட்டுப் பேரும் காலில் விழுந்துவிட்டார்கள். அதனால் அவர் ஓடித்தான் போக வேண்டும். எல்லை பன்னிரண்டு கல் தூரம். வழியில் தெருவும் இல்லை, பந்தலும் இல்லை. எல்லைக்கு அப்பால் ஒரு கால் வைத்தால் நாட்டை விட்டுப் போனதாக ஆகிவிடும், அப்புறம் திரும்பி வரட்டும். தினமும் இப்படிப் போய்வந்தால் ஆறே மாதத்தில் இளைத்துவிடுவார். அப்போது யாருக்கும் அடையாளம் தெரியாது. பழைய குற்றவாளி போய்விட்டான், இவர் புது ராஜா என்று நானே சாட்சி சொல்லி வழக்கை முடித்துவிடுகிறேன்."

ராஜா முறைத்தார். பிறகு உதடு துடித்தது. பிறகு சிம்மாசனமே குலுங்கச் சிரித்தார்.

நாய்கள் தப்பின. தெருக்களில் பந்தலே போடக் கூடாது என்று புது ஆணை வந்தது. ஆவுடையப்பனுக்குச் சரிகைச் சால்வை கிடைத்தது. ஒச்சப்பன் அழுதுகொண்டே மூன்று நாய்களையும் கட்டிக்கொண்டான்.

"நாளை முதல் எல்லைப் பக்கம்தான் ஓட்டம்," என்றார் ராஜா. "தளவாயும் வரட்டும். சாந்தத்தின் சங்கிலியை அவர் பிடித்துக்கொள்ளட்டும்."

ஆறு மாதம் ஓடினார்கள். சாந்தம் இழுத்த இழுப்பில் தளவாய் துரும்பாக இளைத்துவிட்டார்.