நாலாம் இரவில் மங்கும் வீராயி

வானத்துக்கும் மரக்கிளைக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஒரு கரட்டுக்காட்டில் தேவாங்கு ஒன்று இருந்தது. குச்சி உடம்பு. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் பொழுது போய்விடும். காட்டில் யாரும் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. முயல் தாண்டிக்கொண்டு போகும், அணில் மிதித்துக்கொண்டு போகும். பேசுவதற்கென்று அதற்கு இருந்தது ஒரே ஓர் ஆள். மலைக்கு மேலே நின்ற வீராயி என்ற நட்சத்திரம்.

பொழுது சாய்ந்ததும் அவள்தான் முதலில் கூப்பிடுவாள். "என்னண்ணே, சாப்பிட்டியா?"

"ரெண்டு வண்டு கெடச்சுது தங்கச்சி" என்று இது சொல்லும். அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு வார்த்தைக்காகத் தேவாங்கு பகல் முழுக்கக் காத்துக் கிடக்கும்.

அந்த வருஷம் கோடை கடுமை. பாறை இடுக்கில் இருந்த ஒரு சுனையைத் தவிர எல்லாத் தண்ணீரும் வற்றிவிட்டது. மிருகங்கள் இரவில் வீராயியின் வெளிச்சத்தை நம்பித்தான் அந்தச் சுனைக்குப் போகும் சரிவில் இறங்கின. ஆனால் சில இரவுகளில் அவள் திடீரென்று மங்கிப்போவாள். கொஞ்ச நேரம் கழித்துப் பழையபடி பிரகாசிப்பாள். அப்படி மங்கிய ஓர் இரவில் மான்குட்டி ஒன்று பள்ளத்தில் விழுந்து செத்தது. காடே கொதித்துப்போய் சந்திரனிடம் முறையிட்டது.

வானத்துக்கு அதிகாரி அவன்தான். மின்மினியைவிட மங்கலான எதற்கும் வானத்தில் இடமில்லை, உதிர்த்துவிட வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். அவனுடையதே சூரியனிடம் வாங்கிய இரவல் வெளிச்சம். அதிகாரத்தில் இருப்பவனிடம் போய் அதையெல்லாம் யார் கேட்பது?

"யாராவது ஒருத்தர் முப்பது ராத்திரி விடாமப் பார்த்து வந்து சொல்லுங்க. அப்புறம் வீராயிய உதுக்குறதா வேண்டாமான்னு பார்ப்போம்" என்றான் சந்திரன்.

முப்பது இரவு அசையாமல் உட்கார வேறு யாரால் முடியும்? வேலை தேவாங்கின் தலையில் விழுந்தது. அதற்கு உள்ளூரப் பெருமைதான். முதல் தடவையாகக் காடு தன்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறது.

வேலையை அது ஒழுங்காகத்தான் செய்தது, அதில் குறை சொல்ல முடியாது. வீராயிக்கு இந்தப் பக்கம் அவளைவிடச் சற்றுப் பிரகாசமான நட்சத்திரம் ஒன்று, அந்தப் பக்கம் சற்று மங்கலான நட்சத்திரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அவள் ஒளி எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, மரப்பட்டையில் நகத்தால் கீறி வைத்தது. ஒளி கூடினால் கீறல் மேலே, குறைந்தால் கீழே. பத்துப் பன்னிரண்டு இரவுக்குள் கணக்குப் பிடிபட்டுவிட்டது. நாலு இரவுக்கு ஒரு தடவை தவறாமல் அவள் மங்குகிறாள்.

இடையில் இன்னொன்றும் தென்பட்டது. பெரிய மங்கலுக்கு இரண்டு நாள் கழித்து ஒரு சின்ன மங்கல். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். கண் அசந்துவிட்டது என்று நினைத்து முதல் தடவை தேவாங்கு அதைக் கீறாமலே விட்டது. இரண்டாம் தடவை கண்ணைக் கசக்கிக்கொண்டது. மூன்றாம் தடவையும் அதே நாள் கணக்கில் வந்தபோது அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருத்தி மட்டும் என்றால் இப்படி முறை வைத்து இரண்டு விதமாக மங்குவாளா?

"தங்கச்சி, நீ தனியா இல்ல. கூட யாரோ இருக்காங்க" என்றது.

 வீராயி மெல்லச் சொன்னாள். "என் கூடப் பொறந்தவண்ணே. ஒச்சாயின்னு பேரு. மின்மினி அளவுக்குக்கூட வெளிச்சமில்லாமப் பொறந்துட்டா. சந்திரன் கண்ணுல பட்டா உதுத்துருவான். அதான் பக்கத்துலயே வச்சுருக்கேன். ரெண்டு பேரும் கையப் புடிச்சுத் தட்டாமாலை சுத்திக்கிட்டே இருப்போம். அவ எனக்கு முன்னால வர்றப்ப அவ முதுகு என் வெளிச்சத்த மறைச்சுரும். பின்னால போறப்ப அவளோட துளி வெளிச்சம் மறையும். நீ பார்த்த சின்னது அதுதான்."

"சுத்துறத நிறுத்தக் கூடாதா?"

"நின்னா விழுந்துருவோம்ண்ணே. யாருகிட்டயும் சொல்லிராத. நீ சொன்னா அவ செத்தா."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றது தேவாங்கு. அந்த நேரத்தில் அது மனதாரத்தான் சொன்னது.

முப்பதாம் நாள் அந்திக்குக் காடு முழுவதும் மரத்தடியில் கூடியது. சந்திரன் மலைமேல் வந்து நின்றான்.

"நாலு ராத்திரிக்கு ஒரு தரம் மங்குறா. கணக்குத் தப்பாது. அன்னைக்கு மட்டும் வெளிச்சம் திரும்புற வரைக்கும் சரிவுல இறங்காம இருந்தாப் போதும்" என்றது தேவாங்கு.

சந்திரன் தலையாட்டினான். "அப்ப சரி. கணக்குத் தெரிஞ்சா எச்சரிக்கையா இருந்துக்கலாம்ல. கலைஞ்சு போங்க."

அத்தோடு விஷயம் முடிந்திருந்தது. மிருகங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, வீராயியும் பிழைத்தாள், ஒச்சாயியும் பிழைத்தாள். தேவாங்கு வாயை மூடிக்கொண்டு மரத்தில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. யாராவது ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்வார்கள் என்று நின்றது. அற்ப ஆசைதான், ஆனால் அதுவரை ஒரு நல்ல வார்த்தை கேட்டிராத பிராணி.

நரிதான் வாயைத் திறந்தது. "முப்பது ராத்திரி முழிச்சுக் கிடந்து கண்டுபிடிச்சது இம்புட்டுத்தானா? இத எங்க வீட்டுக் குட்டி சொல்லிரும். ஏன் மங்குறான்னு கேட்டுப் பாருங்க, முழிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். முயல் விழுந்து விழுந்து சிரித்தது.

"எனக்கா தெரியாது?" தேவாங்குக்குக் குரல் கிறீச்சிட்டது. "அங்க இருக்கறது ஒருத்தி இல்ல. ரெண்டு பேரு!"

சிரிப்பு நின்றது. காடு மொத்தமும் வாய் பிளந்து அதைப் பார்த்தது. "அண்ணே..." என்று மேலே இருந்து ஒரு குரல் வந்தது. தேவாங்கின் காதில் அது விழாமல் இல்லை. ஆனாலும் அது நிறுத்தவில்லை. பெரிய மங்கலைச் சொன்னது, சின்ன மங்கலைச் சொன்னது, முன்னால் வருவதையும் பின்னால் போவதையும் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. ஒச்சாயியின் பேரைக்கூடச் சொல்லிவிட்டது.

சந்திரன் கையை நீட்டினான். "எனக்குத் தெரியாம ஒருத்தியா? உதுந்து போகட்டும்."

"அவ விழுந்தா நானும் விழுந்துருவேன்!" என்று வீராயி அலறினாள்.

மிருகங்கள் பதறிப்போயின. ஒச்சாயிக்காக ஒன்றும் பதறவில்லை. "ஐயா, வீராயி விழுந்துட்டா நாங்க தண்ணிக்கு எப்படிப் போவோம்?" என்றது குட்டியைப் பறிகொடுத்த அதே மான்.

சந்திரன் யோசித்தான். "சரி, இருந்து தொலையட்டும். ஆனா கூடிக் குலாவக் கூடாது. ரெண்டு பேரும் கைய விடுங்க."

கைகள் விடுபட்டன. சுழற்சி மட்டும் நிற்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி தொட முடியாமல் இருவரும் சுற்றத் தொடங்கினார்கள். கீழே இருப்பவர்களிடம் வாய் கொடுத்ததால் வந்த வினை என்று வானம் முழுக்க நட்சத்திரங்கள் வாயை மூடிக்கொண்டன.

தேவாங்குக்கு மரியாதை கிடைக்கத்தான் செய்தது. இரண்டு நாள் முயல் வழிவிட்டது, அணில் வணக்கம் சொன்னது. மூன்றாம் நாள் அணில் பழையபடி மிதித்துக்கொண்டு போனது. அன்றும் பொழுது சாய்ந்தது. தேவாங்கு "தங்கச்சி... தங்கச்சி..." என்று தொண்டை வற்றும்வரை கூப்பிட்டது. பதில் வரவில்லை. நாலாம் இரவு வீராயி மங்கினாள். அக்காவின் முகத்துக்கு நேரே வந்தும் கை நீட்ட முடியாமல் ஒச்சாயி கடந்து போகிறாள் என்பது இந்தக் காட்டில் தேவாங்குக்கு மட்டும்தான் தெரியும். மங்கல் விலகியதும் வீராயியின் வெளிச்சம் நேராக வந்து அதன் முகத்தில் விழுந்தது. அதைத் தாங்க முடியாமல் தேவாங்கு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டது.

வீராயி இன்றைக்கும் நாலாம் இரவில் மங்குகிறாள், ஏனென்று வாய் திறந்து சொல்வதில்லை. எந்த வெளிச்சம் மேலே பட்டாலும் தேவாங்கு முகத்தை மூடிக்கொள்வதும் அன்று முதல்தான்.